அழிந்த அட்டை ஏன் இன்னும் வேலை செய்கிறது?

யூ-கி-ஓ என்ற அட்டை விளையாட்டை விளையாடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தச் சண்டை ஒரு நாள் வந்தே தீரும். ஒருவன் அடிக்க வருகிறான். மற்றவன் கவிழ்த்து வைத்திருந்த 'மிறர் போர்ஸ்' என்ற ட்றாப்பை, அதாவது அடிக்க வருகிறவனின் ஆட்களை அழிக்கும் பொறி அட்டையைத் திருப்புகிறான். அடிக்க வந்தவன் உடனே 'மிஸ்ரிக்கல் ஸ்பேஸ் ரைபூன்' அட்டையைப் போட்டு அந்த ட்றாப்பையே அழிக்கிறான்.

"உன்ர ட்றாப் போச்சு. என்ர ஆள் அடிக்கிறார்" என்கிறான் இவன்.

"போனா என்ன? உன்ர ஆக்கள் எல்லாரும் செத்தாச்சு" என்கிறான் அவன்.

இரண்டாவது பெடியன் சொல்வதுதான் சரி. ட்றாப் அழிந்தது உண்மை. ஆனால் அது செய்ய வந்த வேலை நடந்தே தீரும். இதை முதன்முதலில் கேட்கிற எவருக்கும் இது அநியாயமாகத்தான் படும். உலகம் முழுக்க இந்த விளையாட்டில் புதிதாகச் சேர்கிறவர்கள் தடுக்கி விழுகிற முதல் இடமும் இதுதான்.

இந்தத் தடவை சண்டை நடந்தது கொக்குவிலில், எங்கள் வீட்டு விறாந்தையில். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் நின்று கும்பிட வேண்டும் என்று அக்கா குடும்பம் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தது. மருமகனின் பெட்டியில் உடுப்பைவிட அட்டைகளே அதிகம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பிளாஸ்ரிக் உறை, அவற்றை அடுக்க ஒரு தடித்த பைல். பக்கத்து வீட்டுப் பெடியனோ அசல் அட்டையைக் கையால் தொட்டதே அன்றுதான். அவன் பழகியதெல்லாம் தாயின் போனில், 'மாஸ்ரர் டூவல்' என்ற செயலியில். இந்த விளையாட்டை வெளியிடும் கொனாமி நிறுவனம் அதை 2022 ஜனவரியில் இலவசமாக வெளியிட்டது. விளையாடக் காசு தேவையில்லை, டேற்றா இருந்தால் போதும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அட்டை இல்லாத பெடியன்தான் சரியாகச் சொன்னான் என்பது. போன் விதியை மீற விடாது. அழுத்தக்கூடாத இடத்தில் அழுத்தினால் பொத்தானே வராது. மருமகன் பள்ளிக்கூட இடைவேளையில் நண்பர்களோடு விளையாடியவன். அங்கே யார் உரக்கக் கத்துகிறாரோ அவர் சொல்வதுதான் விதி. ஆனால் போனில் ஒரு குறை உண்டு. என்ன நடக்கும் என்று காட்டும், ஏன் என்று சொல்லாது. ஆகவே பக்கத்து வீட்டுப் பெடியனால் "அது அப்பிடித்தான் அண்ணா, போனில அப்பிடித்தான் நடக்கும்" என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியவில்லை. மருமகன் அதை ஏற்பானா? கொழும்பில் வேலை செய்த காலத்தில் அறைத்தோழன் ஒருவனோடு இதை விடிய விடிய விளையாடிய ஆள் நான் என்பதால் நடுவர் வேலை என் தலையில் விழுந்தது.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். கசுக்கி தக்கஹாஷி என்ற ஜப்பானிய ஓவியர் 1996 இல் தொடங்கிய சித்திரக் கதையிலிருந்து வந்தது இது. கொனாமி 1999 இல் ஜப்பானில் அட்டைகளாக வெளியிட்டது. 2002 இல் ஆங்கிலப் பதிப்பு வந்தது. ஆளுக்கு 8000 உயிர்ப் புள்ளிகள், 40 முதல் 60 அட்டைகள் கொண்ட ஒரு கட்டு. ஒரே அட்டையில் மூன்றுக்கு மேல் வைக்க முடியாது. அரக்கர்கள் தங்களுக்குள் அடிபடுவார்கள். ஸ்பெல் என்பது மந்திரம். ட்றாப் என்பது கவிழ்த்து வைத்துக் காத்திருந்து திருப்புகிற பொறி. பாவித்து முடிந்தது கிரேவ்யார்ட்டுக்குப் போகும். அம்மாவுக்கு அது சுடலை. "உந்தச் சுடலைக் கட்டைப் படியில வைக்காதேங்கோ, கால் படும்" என்று ஒவ்வொரு நாளும் சத்தம் போடுவார்.

சரி, விதிக்கு வருவோம்.

ஒரு அட்டையின் வாழ்க்கையில் இரண்டு தருணங்கள் உண்டு. ஒன்று, அதை ஏவுகிற தருணம். "இதைப் போடுகிறேன்" என்று சொல்லி, விலை ஏதும் இருந்தால் கட்டி, குறி வைக்க வேண்டியிருந்தால் வைக்கிறோம். மற்றது, அது வேலை செய்கிற தருணம். இந்த இரண்டுக்கும் நடுவே எதிராளிக்குப் பேச இடம் தரப்படுகிறது. அவன் தன் அட்டையை ஏவலாம். அதற்கு நீங்கள் மறுபடி ஒன்றை ஏவலாம். இப்படிக் கோத்துக்கொண்டே போவதைத்தான் பிள்ளைகள் 'செயின்' என்கிறார்கள். இனிப் போட எவருக்கும் எதுவும் இல்லை என்றதும், கடைசியாக ஏவியது முதலில் வேலை செய்யும். பிறகு அதற்கு முந்தியது, பிறகு அதற்கும் முந்தியது. கணினி படித்தவர்களுக்கு இது பழைய கதைதான்.

விறாந்தைச் சண்டையை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். மிறர் போர்ஸ் முதற் கண்ணி. ரைபூன் இரண்டாவது. ரைபூன் முதலில் வேலை செய்கிறது, மிறர் போர்ஸ் அட்டை அழிகிறது. அப்புறம் முதற் கண்ணியின் முறை வருகிறது. மிறர் போர்ஸ் எப்போதோ ஏவப்பட்டாயிற்று. அந்த ஏவுதலை ரைபூன் தொடவேயில்லை. அது தொட்டது மட்டையை மட்டும். ஆகவே எதிராளியின் பக்கத்தில் தாக்கும் நிலையில் நிற்கும் அரக்கர்கள் எல்லாரும் அழிகிறார்கள். ரைபூன் வீண்.

மருமகன் ஒப்பவில்லை. "உடைஞ்ச சாமான் என்னண்டு மாமா வேலை செய்யும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த அம்மா அங்கிருந்தே கேட்டார்: "கலியாணத்துக்கு எல்லாருக்கும் சொல்லியாச்சு. பிறகு காட்டைக் கிழிச்சா கலியாணம் நிண்டிடுமோ?" எனக்கு இத்தனை காலமும் இப்படிச் சொல்ல வரவில்லையே என்று இருந்தது. அம்மா அதோடு நிறுத்தவும் இல்லை. "பந்தலைப் பிடுங்கினா வேற கதை. வந்த சனம் வெயிலில நிக்கும்." அவருக்கு யூ-கி-ஓவில் ஒரு அட்டைகூடத் தெரியாது. ஆனால் விதியையும் அதன் விதிவிலக்கையும் ஒரு வீட்டுக்குள்ளேயே வைத்துச் சொல்லிவிட்டார். அந்தப் பந்தலைப் பற்றித்தான் இனிச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் ஒன்று. இந்தக் குழப்பம் ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்று நான் யோசித்திருக்கிறேன். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, விளையாட்டே கண்ணை ஏமாற்றுகிறது. ஏவிய ட்றாப், செயின் முழுவதும் முடியும்வரை மேசையிலேயே முகம் காட்டிக்கொண்டு கிடக்கும். சுடலைக்கு அது போவது எல்லாம் முடிந்த பிறகுதான். கண்முன்னே கிடக்கிற சாமானை அடித்து நொறுக்கினால் அதன் வேலையும் நின்றுவிடும் என்று எவருக்கும் தோன்றும். இதற்கு மூத்த அமெரிக்க விளையாட்டான 'மஜிக்'கில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே போட்ட மந்திரம் வேலை செய்யும்வரை களத்தில் இருப்பதாகவே கணக்கில்லை. ஆகவே அதை 'அழிக்க' வழியும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அது எங்கள் ஊருக்கே உரியது. முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்த வீடுகள் இவை. அதில் ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, கிங் 3, குயீன் 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் 304, அதுதான் விளையாட்டின் பெயர். அங்கே மதிப்பு அட்டையை விட்டு ஒருநாளும் பிரியாது. ஜாக்கை அள்ளிக்கொண்டு போனவனுக்கு 30 போகும். அட்டை யாரிடமோ புள்ளியும் அவரிடம். கோயிலடியில் இதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அட்டை ஒரு பக்கம் செத்துக் கிடக்க அதன் வேலை இன்னொரு பக்கம் நடக்கிறது என்பது கள்ளம் போலத்தான் தெரியும். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு "முந்நூற்றி நாலில இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லை" என்றார். முந்நூற்றி நாலில் கரைச்சல் இல்லையாம்! துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரும் சித்தப்பாவும் கத்துவது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

இனிப் பந்தல். சில அட்டைகள் ஒரு தரம் வெடித்துவிட்டுப் போகிறவை அல்ல. களத்தில் முகம் காட்டி நின்றால்தான் அவற்றுக்கு உயிர். தொடர் ஸ்பெல், தொடர் ட்றாப், களத்தையே மாற்றும் ஸ்பெல், அரக்கனுக்கு மாட்டுகிற ஆயுத ஸ்பெல் எல்லாம் இந்தச் சாதி. 'ஸ்கில் ட்றெயின்' என்று ஒன்று இருக்கிறது. 1000 உயிர்ப் புள்ளி கட்டி ஏவினால் களத்தில் முகம் காட்டி நிற்கும் அரக்கர்கள் அத்தனை பேரின் திறமையும் செல்லாமல் போகும். அதை ஏவும்போது செயினில் ரைபூன் போட்டு அழித்தால், அதன் முறை வரும்போது அது களத்தில் இல்லை. ஆகவே ஒன்றும் நடக்காது. கட்டிய 1000 திரும்பியும் வராது, அது ஏவுவதற்குக் கொடுத்த விலை.

'கோல் ஒஃப் த ஹோன்ரட்' அட்டையும் இப்படித்தான். சுடலையிலிருந்து ஒரு அரக்கனை எழுப்பி, அவனோடு தானும் களத்தில் நிற்கிற தொடர் ட்றாப். அதை ஏவியதும் ரைபூனைப் போட்டால் எவரும் எழும்ப மாட்டார். இங்கே வரிசை எவ்வளவு முக்கியம் என்பதைப் பாருங்கள். இதே இரண்டு அட்டைகளைத் தலைகீழாக வைப்போம். கவிழ்ந்து கிடக்கிற அட்டை என்னவென்று தெரியாமல் நீங்கள் ரைபூனால் குறி வைக்கிறீர்கள். அவன் பதிலுக்கு அதையே திருப்புகிறான், கோல் ஒஃப் த ஹோன்ரட். இப்போது அவனுடையது இரண்டாவது கண்ணி. ஆகவே முதலில் வேலை செய்து அரக்கனை எழுப்பிவிடும். அப்புறம் ரைபூன் அந்த ட்றாப்பை அழிக்கும். ட்றாப் களத்தை விட்டுப் போனதால் எழும்பிய அரக்கனும் அழிவான். ஆக மொத்தத்தில் அரக்கன் நிலைக்கப்போவதில்லை. ஆனால் ஒரு வரிசையில் அவன் எழும்பவேயில்லை, மற்றதில் எழும்பி விழுந்தான். பெடியள் இரண்டு பேரும் இதைக் கேட்டு அட்டைகளை எடுத்து வைத்து நாலைந்து விதமாகச் செய்து பார்த்தார்கள். விளங்கினது அப்போதுதான் என்று நினைக்கிறேன். நான் சொன்னபோது இல்லை.

இந்த இரு சாதிகளையும் பிரித்தறிய அட்டையின் ஓரத்தில் ஒரு சிறு குறியீடு உண்டு. தொடர் அட்டைக்கு முடிவிலியின் எட்டு படுத்துக் கிடக்கும். அசல் அட்டையில் தெளிவாகத் தெரியும். பான்சிக் கடைகளில் தொங்குகிற போலிப் பொட்டலங்களை நம்பாதீர்கள். பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு யாரோ வாங்கிக் கொடுத்த ஒரு பொட்டலத்தைப் பார்த்தேன். படம் பளபளக்கிறது, எழுத்து முழுக்கக் குப்பை. ஒன்றில் வசனம் பாதியில் நின்றுவிட்டது. இன்னொன்றில் ட்றாப்புக்கு அரக்கனின் தாக்கு எண் அடித்திருக்கிறார்கள். அலங்காரத்துக்குச் சுவரில் ஒட்டலாம். விளையாட எடுத்தால் சண்டை நிச்சயம்.

ஏனென்றால் இந்த விளையாட்டில் நிறுத்தற்குறிக்குக்கூடப் பொருள் உண்டு. 2011 இல் கொனாமி ஆங்கில அட்டைகளின் வசன நடையை ஒழுங்குபடுத்தியது. முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது எப்போது ஏவலாம் என்ற நிபந்தனை. அரைப்புள்ளிக்கு முன்னால் இருப்பது ஏவும்போதே செய்து முடிக்க வேண்டியது, அதாவது விலை கட்டுவதும் குறி வைப்பதும். அதற்குப் பின்னால் இருப்பது முறை வரும்போது நடப்பது. ரைபூனின் வசனத்தைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: களத்தில் உள்ள ஒரு ஸ்பெல்லையோ ட்றாப்பையோ குறி வை, குறி வைத்ததை அழி. நான் மேலே நீட்டி முழக்கிய இரண்டு தருணங்களும் அந்த ஒரு அரைப்புள்ளியின் இரு பக்கமும் நிற்கின்றன. இதைக் கண்டுகொண்ட பிறகு பாதி விதிப் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம். ரைபூனின் வசனத்தில் 'ஏவியதைச் செல்லாமலாக்கு' என்று எங்கேயும் இல்லை என்பதையும் பாருங்கள். எழுதாததை அட்டை செய்யாது.

அப்படி எழுதியிருக்கிற அட்டைகள் வேறு. 'செவின் ரூல்ஸ் ஒஃப் த பண்டிற்' என்று ஒரு எதிர் ட்றாப் இருக்கிறது. எதிராளி ட்றாப்பை ஏவும்போது 1000 புள்ளி கட்டி இதைத் திருப்பினால், அவன் ஏவியதே செல்லாது, அட்டையும் அழியும். மருமகனிடம் அன்று இருந்திருக்க வேண்டியது இதுதான். 'சொலெம் ஜட்ஜ்மென்ற்' இதைவிடப் பெரிய ஆயுதம். ஸ்பெல், ட்றாப் இரண்டையும் நிறுத்தும், அரக்கன் வருவதையும் நிறுத்தும். ஆனால் இருக்கிற உயிர்ப் புள்ளியில் பாதியைக் கொடுக்க வேண்டும். பயப்படாமல் பாதியைக் கொடுக்கிறவர்கள்தான் நல்ல ஆட்டக்காரர்கள் என்பது என் எண்ணம். எதிர் ட்றாப்புக்கு எதிர் ட்றாப்பால்தான் பதில் சொல்ல முடியும். சாதாரண ட்றாப்போ ரைபூன் போன்ற வேக ஸ்பெல்லோ அந்தக் கட்டத்தில் வாய் திறக்க முடியாது.

அப்படியானால் ரைபூன் பயனில்லாத அட்டையா? மருமகன் அதைத் தூக்கி எறியப் பார்த்தான். இல்லை, எப்போது போடுவது என்பதில்தான் அதன் விஷயம் எல்லாம் இருக்கிறது. மிறர் போர்ஸை வைத்திருப்பவன் மற்றவன் அடிக்கும்போதுதான் அதைத் திருப்ப முடியும். ஆகவே நீங்கள் அடிப்பதற்கு முன்பே, அது கவிழ்ந்து கிடக்கும்போதே ரைபூனால் அழித்தால் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. ஏவப்படாத ட்றாப் அழிந்தால் அழிந்ததுதான். ஆனால் கவிழ்ந்து கிடப்பது 'கொம்பல்சரி இவகுவேஷன் டிவைஸ்' என்றால் அவன் சிரித்துக்கொண்டு பதிலுக்கு அதையே திருப்பி, உங்கள் அரக்கனைக் கைக்கு அனுப்பிவிடுவான். அதை எந்த நேரத்திலும் திருப்பலாம்.

இதற்கும் ஒரு வழி இருக்கிறது, பழைய ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. கவிழ்த்து வைத்த ட்றாப்பை வைத்த அதே முறையில், அதாவது ஒருவர் ஆடி முடிக்கும் அதே சுற்றில், திருப்ப முடியாது. ஆகவே உங்கள் ரைபூனை உங்கள் முறையிலேயே கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். எதிராளி தன் முறையில் புதிதாக ஒரு ட்றாப்பைக் கவிழ்த்து வைப்பான். அவன் முறை முடிகிற கட்டம் வந்ததும் ரைபூனைத் திருப்பி அந்தப் புதியதைக் குறி வையுங்கள். அது என்ன அட்டையாக இருந்தாலும் அவனால் அதைத் திருப்ப இயலாது. பக்கத்து வீட்டுப் பெடியன் இதைப் போனில் எப்போதோ பிடித்து வைத்திருந்தான், காரணம் தெரியாமலே. காரணம் விளங்கியதும் மருமகனின் ரைபூனைக் கடன் வாங்கி, மருமகனுக்கே அதைச் செய்து காட்டினான். அக்கா வந்து சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று.

திருவிழா முடிந்து அவர்கள் போகும்வரை கேள்விகள் ஓயவில்லை. கடைசியாக வந்தது 'பொட் ஒஃப் டுவாலிற்றி' பற்றியது. "ஒரு முறையில் ஒன்றை மட்டுமே ஏவலாம்" என்று எழுதிய ஸ்பெல் அது. முதலாவதை எதிராளி தடுத்துவிட்டால், கையில் இருக்கிற இரண்டாவதைப் போடலாமா? சொலெம் ஜட்ஜ்மென்ற்றால் தடுத்திருந்தால் போடலாம். ஏவியதே செல்லாது என்று ஆனதால், நீங்கள் இன்னும் ஒன்றையும் ஏவவில்லை என்றுதான் கணக்கு. 'ஆஷ் புளொசம்' என்ற அட்டையைப் போட்டுத் தடுத்திருந்தால் முடியாது. அது விளைவை மட்டும்தான் செல்லாமலாக்கும், நீங்கள் ஏவியது ஏவியதுதான். ஆனால் அட்டையில் "ஏவலாம்" என்று இல்லாமல் "இந்த விளைவை ஒரு முறையில் ஒரு தரம் மட்டுமே பயன்படுத்தலாம்" என்று இருந்தால், எப்படித் தடுக்கப்பட்டாலும் அந்த முறைக்கு அது முடிந்தது.